மெடல் வாங்கினவங்க கடை வச்சா கண்டிப்பா ஓடுமா?

ஸ்போர்ட்ஸை விட்டுட்டு ஜிம், கோச்சிங், சாப்பாட்டு ஸ்டால்னு ஆரம்பிக்க நினைக்கிறவங்க எங்கிட்ட கவுன்சிலிங்குக்கு வந்தா பாதிப் பேர் ஒரே பாட்டுதான், "அக்கா நான் அத்லெட், எனக்கு ரெசிலியன்ஸ் (அதான், விழுந்தாலும் எழுந்து நிக்கிற தெம்பு) இருக்கு, சமாளிச்சிருவேன்". ஆராய்ச்சியே அப்படித்தான் சொல்லுதாம், போன்ல லிங்க் வேற காட்டுவாங்க.

2006ல ஜாவ், சீபர்ட்னு ரெண்டு பேர் பழைய ஆய்வுகள் பலதையும் ஒண்ணா சேர்த்து, தொழில் ஆரம்பிச்சவங்களையும் கம்பெனி மேனேஜர்களையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க. தொழில் பண்றவங்ககிட்ட பொறுப்பும் புதுசை ஏத்துக்கிற மனசும் அதிகம், பதட்டமும் விட்டுக்கொடுக்கிற குணமும் கம்மி, கலகலன்னு பழகுறதுல மட்டும் பெருசா வித்தியாசமே இல்ல (வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு நம்ம வீட்டுல சொல்றாங்களே, சரி விடுங்க). ஆனா இது சராசரிக் கணக்கு, இதை வச்சு உங்க கடை ஓடுமான்னு யாராலயும் சொல்ல முடியாது.

இன்னொண்ணு 2012ல ஃப்ளெட்சர், சர்க்கார் பண்ணது, ஒலிம்பிக் சாம்பியன்கள் 12 பேரைப் பேட்டி எடுத்தாங்க. நல்ல ஆய்வு, ஆனா 12 பேருமே ஜெயிச்சவங்க, அதே அளவு உழைச்சு மெடல் வராம போனவங்க அதுல இல்ல. அவங்களைத் தாங்கினதா அதுல சொல்ற அஞ்சு விஷயத்துல ஒண்ணு, நமக்குப் பின்னாடி ஆள் இருக்காங்கங்கிற நம்பிக்கை. லிங்க் அனுப்புறவங்க இதை மட்டும் சொல்லவே மாட்டாங்க.

நம்ம சிங்கப்பூர் ஓட்டப் பந்தய வீராங்கனை சாந்தி பெரேராவையே எடுத்துக்குங்க, 2015ல இங்க நடந்த சீ கேம்ஸ்ல (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) 200 மீட்டர் தங்கம், அடுத்த தங்கம் 2022ல ஹனோய்ல, 2023ல ஹாங்ஜோ ஏஷியன் கேம்ஸ்லயும் தங்கம். நடுவுல எவ்வளவு கஷ்டமோ, ஆனா ஓடி முடிச்சதும் எத்தனை செகண்டுன்னு கடிகாரம் மூஞ்சிக்கு நேரா காட்டிரும். கடையில அப்படிக் காட்ட எதுவும் கிடையாது.

முன்னாடி டீம்ல ஆடின ஒரு தம்பி (அடையாளம் தெரியாம விவரத்தை மாத்தியிருக்கேன்) ஸ்டால் வச்சிருந்தாரு. போன்ல தினசரி விற்பனை மட்டும் அழகா எழுதியிருக்காரு, வாடகை, ஆள் சம்பளம், சிபிஎஃப் (வேலையாளுக்குக் கட்டுற சேமநிதி) எதுவும் அதுல இல்ல, தன் சம்பளம்னு ஒண்ணு எடுத்ததே இல்ல. வீட்டுக்காரம்மா நகை சிராங்கூன் ரோட்டு அடகுக் கடையில. எப்ப நிறுத்துவீங்கன்னு கேட்டா, "வலிக்கிறப்பதான் இன்னும் ரெண்டு செட் போடணும்னு கோச் சொல்லுவாரு கா". டிரெயினிங்ல அவரைத் தூக்கி விட்ட அதே பிடிவாதம் இங்க அவரை முழுக வச்சிட்டிருக்கு, அதுக்குப் பேர் ரெசிலியன்ஸ்னு அவரே நம்புறாரு.

ஆக்ராவுல (இங்க தொழில் பதியுற அரசாங்க அமைப்பு) தனி ஆளா தொழில் பதிய 115 வெள்ளிதான், ஆன்லைன்லயே முடிஞ்சிரும். ஆனா அப்படிப் பதிஞ்சா கடைக் கடன் முழுக்க உங்க சொந்தக் கடன். பிரைவேட் லிமிடெட்னா கம்பெனிக் கடன் தனி, ஆனாலும் பேங்க்ல பெர்சனல் கேரண்டின்னு (கம்பெனி கட்டலேன்னா நான் கட்டுறேங்கிறது) கையெழுத்து கேட்டா நிதானமா படிங்க.

எங்கிட்ட வர்றவங்களை முதல் நாளே ஒண்ணு எழுதச் சொல்வேன், எத்தனை வெள்ளி போனா, எந்த மாசம் வந்தா நிறுத்துவேன்னு. எழுதி, உங்களுக்குப் பயப்படாத ஒருத்தர்கிட்ட குடுங்க, அம்மாவோ மனைவியோ. கணக்குப் பாக்க சிக்கியோட (சிங்கப்பூர் இந்திய வர்த்தக தொழிற்சபை) சின்னத் தொழில்களுக்கான எஸ்எம்இ சென்டர்ல இலவசமாவே ஆலோசனை இருக்கு. தூக்கம் போய் மனசு ரொம்ப பாரமா இருந்தா 1771 மனநல உதவி நம்பருக்கு கூப்பிடுங்க, ராத்திரி எந்நேரமும் எடுப்பாங்க.