சைக்ஸ்கள் எல்லாரும் ஒரே தாத்தாவின் பேரன்களா?

இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்ட் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு சைக்ஸ் வீட்டு வாசலில்தான் விழ வேண்டும், மேற்கு யார்க்‌ஷயரில் அந்தக் குடும்பப்பெயர் அவ்வளவு சகஜம். வயலுக்கு நடுவே ஓடுகிற சின்ன ஓடையை அந்தப் பக்கத்தில் 'சைக்' என்பார்கள். ஓடைக்கரையில் குடியிருந்தவனுக்கு அதுவே பெயராகி, சுமார் 700 ஆண்டுகளுக்கு முன்பு அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகிற பெயராக நிலைத்தது. ஓடைதான் ஊருக்கு ஊர் இருக்கிறதே, அதனால் சம்பந்தமே இல்லாத பல குடும்பங்கள் தனித்தனியாக இந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்றுதான் ஏடுகளைப் பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் மரபியல் பேராசிரியராக இருந்த பிரையன் சைக்ஸ் (ஆமாம், அவரும் சைக்ஸ்தான்) இதைச் சோதித்துப் பார்த்தார். ஆண்களிடம் மட்டும் இருக்கிற ஒய் குரோமோசோம் என்ற டி.என்.ஏ. இழையும் குடும்பப்பெயர் மாதிரியே அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும்தான் போகும். அதில் சில இடங்களில் நாலைந்து டி.என்.ஏ. எழுத்து கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்ப வரும். ஒரு வம்சத்தில் 12 தடவை, இன்னொன்றில் 14 தடவை என்று எண்ணிக்கை மாறும், எப்போதாவது ஒன்று கூடும் அல்லது குறையும், மற்றபடி தலைமுறை தலைமுறையாக அப்படியே இறங்கும். சைக்ஸ் என்ற பெயருள்ள ஆண்களிடம் இப்படி நாலு இடங்களை எண்ணினார்கள். 2000இல் வந்த முடிவு: கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு நாலு எண்ணும் ஒன்றே, அக்கம்பக்கத்து வேறு பெயர்க்காரர்கள் யாரிடமும் அந்தச் சேர்க்கை இல்லை.

சரி, மீதிப் பாதி? தத்தெடுத்த பிள்ளை, அம்மாவின் பெயரை வாங்கிய பிள்ளை, வெளியே சொல்லாத சில சமாச்சாரங்கள்... இப்படிப் பெயர் ஒன்று, வம்சம் வேறு என்று ஆவது தலைமுறைக்குச் சராசரியாக 1.3 சதவீதம் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். இத்தனை நூற்றாண்டுக்கு இது ரொம்பக் குறைவு என்பேன்.

ஆனால் பாதிப் பேர் ஒத்துப்போவதாலேயே ஆதியில் ஒரே ஒரு சைக்ஸ்தான் இருந்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2009இல் 40 குடும்பப்பெயர்களைச் சோதித்தபோது, அட்டன்பரோ மாதிரி அபூர்வமான பெயர்க்காரர்கள் பெரும்பாலும் ஒரே வம்சமாக இருந்தார்கள். ஸ்மித்களோ தெருவில் போகிற யாரோ இரண்டு பேரைப் போலத்தான். ஸ்மித் என்றால் கொல்லன், கொல்லன் எல்லா ஊரிலும் இருந்தான், அது புரிகிறது. அபூர்வப் பெயரில் இன்னொரு விஷயமும் உண்டு: பெண் பிள்ளைகள் மட்டும் பிறந்த வீட்டில் பெயர் அதோடு முடிந்துவிடும், ஆரம்பத்தில் நாலைந்து குடும்பம் இருந்திருந்தாலும் வெறும் அதிர்ஷ்டத்தில் ஒன்று மட்டும் பிழைத்துப் பெருகியிருக்கலாம். ஓடைக்கரையில் பத்து சைக்ஸ் இருந்து, ஒன்பது பேரின் வம்சம் பாதியில் நின்றுபோயிருந்தாலும் இன்றைக்கு நமக்குக் கிடைக்கிற எண்கள் இதே போலத்தான் இருக்கும்.