சாட்டையடிக்கு அடுத்து யார் முகம்?

அமெரிக்காவின் அடிமை முறையைக் காட்டும் படம் வந்தாலே ஒரு சண்டையும் கூடவே வந்துவிடுகிறது. நடந்ததைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்று ஒரு தரப்பு, அடிமைகள் பட்ட வலியை வைத்துக் காசு பார்க்கிறார்கள் என்று இன்னொரு தரப்பு. நான் இரண்டு பக்கமும் நின்று பேசியிருக்கிறேன். '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' (2013) படத்தைப் பார்த்துவிட்டு, அதற்கு மூலமான சாலமன் நார்த்தப்பின் 1853-ஆம் ஆண்டுப் புத்தகத்தையும் படித்த பிறகுதான், நாம் பார்க்க வேண்டிய இடம் வேறு என்று பட்டது.

நார்த்தப் நியூயார்க் மாநிலத்தில் சுதந்திர மனிதராகப் பிறந்தவர். 1841-இல் வேலை தருகிறோம் என்று வாஷிங்டனுக்குக் கூட்டிப்போய் அடிமையாக விற்றுவிட்டார்கள். அப்புறம் லூயிசியானாவில் பன்னிரண்டு வருடம். படம் அவர் எழுதியதை அப்படியே எடுக்கவில்லை. கப்பலில் ராபர்ட் என்பவரை மாலுமி குத்திக் கொல்வதாகப் படத்தில் வரும். புத்தகத்தில் அவர் பெரியம்மை வந்து சாகிறார். பாட்சி என்ற அடிமைப் பெண்ணைப் படத்தில் கம்பத்தில் கட்டி அடிக்கிறார்கள். புத்தகத்தில் தரையில் நான்கு முளை அடித்து, குப்புறக் கிடத்திக் கட்டுகிறார்கள். ஓரிடத்தில் கூட்டியிருக்கிறார்கள், இன்னோரிடத்தில் குறைத்திருக்கிறார்கள். அதனால் 'இப்படி நடந்ததா' என்பதை மட்டும் வைத்து ஒரு படத்தை எடைபோட முடியாது.

சரி, எதை வைத்துப் பார்ப்பது? சுமார் நூறு வருடத்துக்கு முன் லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் ஒரு சோதனை செய்தார். எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடு ஒட்டினார், அதே முகத்தை ஒரு சவப்பெட்டியோடு ஒட்டினார். பார்த்தவர்களுக்கு முதலாவதில் பசி தெரிந்தது, இரண்டாவதில் துக்கம். அதாவது ஒரு காட்சிக்கு அர்த்தம் அதற்குள் மட்டும் இல்லை, பக்கத்தில் என்ன வருகிறது என்பதிலும் இருக்கிறது. சாட்டை விழுகிறது, அடுத்த ஷாட்டில் வருவது அடிபட்டவரின் முகமா, வெறும் முதுகா, அடிப்பவரின் ஆவேசமா? முகமே வராமல் உடம்பு மட்டும் வந்துகொண்டிருந்தால் நாம் அடிப்பவனின் கண்ணால்தான் பார்க்கிறோம். 1975-இல் வந்த 'மாண்டிங்கோ' என்ற படம் போஸ்டரிலேயே எஜமானையும் அடிமைப் பெண்ணையும் காதல் ஜோடி போல அணைத்து நிற்க வைத்தது. அதைத்தான் நான் சுரண்டல் என்பேன்.

இன்னொன்று, கட், அதாவது ஒரு ஷாட்டை எங்கே வெட்டி அடுத்ததற்குப் போகிறார்கள் என்பது. 2009-இல் ஜப்பானில் நடந்த ஓர் ஆய்வில், ஒரே நகைச்சுவைப் படத்தைப் பார்த்தவர்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கண் சிமிட்டுவது தெரிந்தது, பெரும்பாலும் ஒரு செயல் முடிகிற இடத்தில். கதை இல்லாத இயற்கைக் காட்சிகளுக்கு அப்படி நடக்கவில்லை. கதை எங்கே மூச்சுவிட இடம் கொடுக்கிறதோ அங்கேதான் கண்ணும் ஓய்வெடுக்கிறது. '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' இயக்குநர் ஸ்டீவ் மெக்வீன் கட் செய்யாமல் அந்த ஓய்வைத் தரவே மறுக்கிறார் என்று நினைக்கிறேன். நார்த்தப் கழுத்தில் கயிற்றோடு, கால் விரல் நுனி மட்டும் சேற்றில் பட்டும் படாமலும் நிற்கும் காட்சியில் கேமரா தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. இசை இல்லை. சேற்றில் கால் வழுக்கும் சத்தம்தான். பின்னால் மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள், குழந்தைகள் விளையாடுகிறார்கள். அந்தக் குழந்தைகளைப் பார்த்தபோதுதான் எனக்கு உடம்பு நடுங்கியது, ஏனென்றால் அங்கே அது சாதாரண நாள்.

ஆனால் எனக்கு மிகவும் நிஜமாகத் தெரிந்தது தராசுதான். ராத்திரி பருத்தியை எடை போடுவார்கள். ஒருவர் ஒரு நாளில் பறிக்க வேண்டியது சராசரியாக 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ என்று நார்த்தப் எழுதுகிறார். பாட்சி 500 பவுண்டு பறித்தவள். குறைந்தால் அடி. பத்து இருபது பவுண்டு கூடிவிட்டால் மறுநாள் கணக்கு அதற்கேற்ப ஏறிவிடும். அதனால் எவ்வளவு களைத்திருந்தாலும், தூக்கத்துக்கு எவ்வளவு ஏங்கினாலும், அடிமைகள் கூடையோடு தராசை நெருங்கும்போது பயந்துகொண்டேதான் போனார்களாம்.