250 ஆம்ப்ஸ் என்று அச்சடித்த பெட்டி

போன மாதம் வட சென்னை கொருக்குப்பேட்டைத் தம்பி ஒருவன் என் வெல்டிங் பட்டறைக்கு வந்தான். கன்டெய்னர் யார்டில் வேலை. மாடியில் செடி ஸ்டாண்டு அடிக்க வேண்டும், துருப்பிடித்த கேட்டுக்கு அடிப்பட்டை மாற்ற வேண்டும், எல்லாம் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று ஆசை. ஆன்லைனில் வாங்கிய இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷினை அட்டைப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"அண்ணே, 250 ஆம்ப்ஸ் மிஷின்ணே. 3.15 மி.மீ. ராடு போட்டா ஒட்டிக்கினு நிக்குது. ஏத்தி வெச்சா வீட்ல டிரிப் ஆயிடுது. எங்கம்மா சீரியல் பாக்குற நேரம் வேற."

மிஷினைத் திருப்பி வைத்துப் பின்பக்கத் தகட்டைப் படிக்கச் சொன்னேன். வெளியே போகும் கரன்ட் 250 ஆம்ப்ஸ், உள்ளே வரும் கரன்ட் அதிகபட்சம் 18 ஆம்ப்ஸ், 230 வோல்ட் என்று போட்டிருந்தது. கணக்குப் போடுவோம். 230-ஐ 18-ஆல் பெருக்கினால் 4,140. நாலு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் கூட. 250 ஆம்ப்ஸில் ராடு எரிய ஏறக்குறைய 30 வோல்ட் வேண்டும். 250 பெருக்கல் 30, ஏழரை கிலோவாட். நாலு உள்ளே போய் ஏழரை வெளியே வருவதற்கு அது என்ன, அட்சய பாத்திரமா? உள்ளே போவதிலும் மிஷின் சூட்டுக்கும் மற்ற நஷ்டத்துக்கும் போக, ராடு முனைக்கு வருவது 100 ஆம்ப்ஸ் சுற்றுவட்டாரம்தான்.

மிஷின் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே இந்தப் பெருக்கலைச் செய்துவிடுங்கள். தகட்டில் உள்வரும் கரன்ட் சில சமயம் இரண்டு எண்களாக இருக்கும், ஐ1மேக்ஸ், ஐ1எஃப் என்று. கரன்ட் கம்மியாக இழுக்கும் மிஷின் என்று சொல்லிச் சின்ன எண்ணைக் காட்டுவார்கள். ஓய்வு நேரத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. நீங்கள் பார்க்க வேண்டியது மேக்ஸ். தகடே இல்லாமல் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய மிஷின் என்றால் பெட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இத்தனைக்கும் வீட்டுக்கு 250 ஆம்ப்ஸ் எதற்கு? கேட்டு, ஸ்டாண்டு, ஷெல்ப் எல்லாம் பெரும்பாலும் 1.2 மி.மீ. முதல் 2 மி.மீ. கனமுள்ள சதுர பைப். ஜன்னல் கிரில் 10, 12 மி.மீ. சதுரக் கம்பி. ஆங்கிள் 3 முதல் 5 மி.மீ. இவற்றில் முக்கால்வாசி வேலையை 6013 வகை 2.5 மி.மீ. ராடு முடித்துவிடும். அதற்கு 60 முதல் 90 ஆம்ப்ஸ் போதும். மெல்லிய பைப்புக்கு 2 மி.மீ. ராடு, 40 முதல் 60. 3.15 ராடுக்குத்தான் 90-க்கு மேல் 130 வரை தேவைப்படும். ஆக, உண்மையான 160 ஆம்ப்ஸ் தரும் டி.சி. இன்வெர்ட்டர் ஆர்க் மிஷின் ஒன்று வீட்டுக்குத் தாராளம். பொய்யான 300-ஐவிட மெய்யான 160 எடை அதிகம், விலையும் கொஞ்சம் அதிகம். பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருவில் நேராகப் போய், கடையிலேயே ஒரு ராடு எரித்துப் பார்த்து வாங்குங்கள் என்பது என் கட்சி. ஆன்லைனில் எரித்துப் பார்க்க முடியாது.

மிஷினுக்கு முன்னால் வீட்டுப் பிளக்கைப் பார்க்க வேண்டும். 80 ஆம்ப்ஸில் எரிக்கும்போது சாதாரண இன்வெர்ட்டர் மிஷின் லைனிலிருந்து 13, 14 ஆம்ப்ஸ் இழுக்கும். ஏ.சி.க்குப் போட்ட 16 ஆம்ப்ஸ் பிளக்கில் இது ஓடிவிடும். 120-க்கு ஏற்றினால் 20-ஐத் தாண்டும், எம்.சி.பி., அதாவது கரன்ட் கூடினால் தானே விழும் சுவிட்ச், விழுந்துவிடும். தம்பி வீட்டில் டிரிப் ஆனதும் இப்படி ஏற்றி வைத்தபோதுதான். இன்னும் சில வீடுகளில் மிஷின் சுவிட்சைப் போட்ட மாத்திரத்திலேயே விழும். உள்ளே இருக்கும் கபாசிட்டர்கள் ஒரே மூச்சில் கரன்ட் குடிப்பதால் அப்படி. இதற்காகப் பெரிய எம்.சி.பி.யை மட்டும் மாற்றி வைக்காதீர்கள், சுவருக்குள் இருக்கும் ஒயர் பழையதுதானே. ஒயர்மேனைக் கூப்பிட்டு 4 சதுர மி.மீ. செம்பு ஒயரில் தனி லைன், 25 ஆம்ப்ஸ் சி டைப் எம்.சி.பி., ஒழுங்கான எர்த் மூன்றையும் கேளுங்கள். நம் பக்கத்துப் பழைய லைன் வீடுகளில் எர்த் பின் வெறும் அலங்காரமாக இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மாடிக்கு இழுக்கும் எக்ஸ்டென்ஷனும் மெல்லிய டேபிள்ஃபேன் ஒயராக இருக்கக் கூடாது. ஒயரைச் சுருட்டி வைத்தபடியே ஓட்டினால் சுருளே சூடாகி உருகும்.

வீட்டு மின் இணைப்பு சொந்த உபயோகத்துக்குத்தான். பக்கத்து வீட்டு கேட்டையும் கூலிக்குப் பிடித்து அடிக்க ஆரம்பித்தால் அது வியாபாரம். 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போட இடம் உண்டு.

அடுத்தது டியூட்டி சைக்கிள். தகட்டில் எக்ஸ் என்ற எழுத்துக்கு நேரே 30%, 60% என்று இருக்கும். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து எரிக்கலாம் என்ற கணக்கு. சர்வதேசத் தரப்படி இதை 40 டிகிரி வெப்பத்தில் சோதிக்க வேண்டும். சில மலிவு மிஷின்களில் 20, 25 டிகிரியில் எடுத்த எண்ணை அச்சடித்துவிடுகிறார்கள். நம்ம ஊர் மே மாதத்துக்கும் அந்த 20 டிகிரிக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் வீட்டு வேலைக்கு இதில் ரொம்பப் பயப்பட வேண்டாம். ஒரு 2.5 ராடு சுமார் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகு சிப்பிங் சுத்தியால் கசடு தட்டி, பிரஷ் போட்டு, அடுத்த ராடை மாட்டுவதற்குள் மிஷின் மூச்சு வாங்கிவிடும்.

இன்வெர்ட்டர் மிஷினின் நிஜமான எமன் கிரைண்டர் தூசு. மிஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரும்பைத் தேய்த்தால் ஃபேன் அத்தனை இரும்புத் தூளையும் உறிஞ்சி போர்டின் மேல் படிய வைக்கும். அதோடு காசிமேடு, எண்ணூர் உப்புக்காற்றும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். வேலை முடிந்ததும் மிஷினை வீட்டுக்குள் வைத்து மூடுங்கள். ராடையும் மூடி இறுகும் டப்பாவில் போடுங்கள். கார்த்திகை மழையில் வெளியே கிடந்த ராடு பொரிந்து பொரிந்து ஊசி ஊசியாய் ஓட்டை விடும்.

பழைய டிரான்ஸ்பார்மர் மிஷின் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா என்று கேட்கிறார்கள். அது உழைக்கும், அதில் சந்தேகமே இல்லை. என் பட்டறையில் இன்றும் ஒன்று எண்ணெய்க்குள் உட்கார்ந்து உறுமிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த வகையில் பெரும்பாலானவை இரண்டு பேஸில், 415 வோல்ட்டில் ஓடுகிறவை. சிங்கிள் பேஸ் வீட்டில் அது வெறும் இரும்புக்கட்டி.

சி.ஓ.2 மிஷின், அதாவது மிக், ஓட்டுவதற்குச் சுலபம்தான். ஆனால் மதியம் கடற்காற்று எழும்பிவிட்டால் மாடியில் ஒட்டைக் காக்கும் அந்த சி.ஓ.2 கேஸ் நிற்காது, ஒட்டு முழுக்கப் புழு அரித்த மாதிரி ஆகிவிடும். நாலு சுவருக்குள் மெல்லிய தகடு வேலை நிறையச் செய்கிறவர்களுக்கு அது. டிக் மிஷின் எஸ்.எஸ்., அதாவது எவர்சில்வர், வேலைக்கு அழகு. அலுமினியம் ஒட்ட வேண்டுமென்றால் ஏ.சி. டிக் வேண்டும், விலை வேறு, பழக வேண்டிய காலமும் வேறு. ஆரம்பத்தில் இரண்டும் வேண்டாம்.

மிச்சப் பணத்தை எதில் போடுவது? முதலில் கேபிளில். பெட்டியோடு வரும் கேபிள் பல சமயம் மேலே செம்பு நிறம், உள்ளே அலுமினியம். கத்தியால் ஓர் இழையைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். 16 சதுர மி.மீ. முழுச் செம்பு கேபிளும், பிடி தளராத ஹோல்டரும் எர்த் கிளாம்ப்பும் போட்டால் அதே மிஷின் வேறு மிஷின் மாதிரி எரியும். கிளாம்ப்பை ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, துருவைத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். பைக்கில் வேலை என்றால் பேட்டரி ஒயர்களைக் கழற்றிவிட்டுத்தான் ராடைத் தொட வேண்டும்.

அடுத்து முகமூடி. எங்கள் ஆட்கள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு டாக் (சின்னப் பொட்டு ஒட்டு) அடிப்பதைத் தெருவில் பார்த்திருப்பீர்கள். நானும் இருபது வயதில் அந்த வீரத்தைச் செய்தவன்தான். அன்று ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணுக்குள் மணலைக் கொட்டித் தேய்த்த மாதிரி எழுந்து உட்கார்ந்தேன். ஆர்க் வெளிச்சத்தின் புற ஊதாக்கதிர் விழிமேல் தோலைப் பொசுக்குகிறது. வலி 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் வரும். அதனால் அடிக்கும்போது ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றும். பாட்டி உருளைக்கிழங்கு வில்லை வைத்தார், பக்கத்து வீட்டில் தாய்ப்பால் விடச் சொன்னார்கள். இரண்டும் வேண்டாம். மெடிக்கலில் மரத்துப்போகும் சொட்டு மருந்து வாங்கித் திரும்பத் திரும்ப விடுவது இன்னும் ஆபத்து, புண் ஆறாது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போங்கள், நம் பக்கத்திலிருந்து ஒரு பஸ் தூரம்தான். 100 ஆம்ப்ஸ் சுற்றில் வேலை செய்ய முகமூடியில் 10 அல்லது 11 ஷேட் (இருட்டு எண்) கண்ணாடி வேண்டும். தோல் கையுறை, பருத்திச் சட்டை, மூடிய ஷூ. பாலியஸ்டர் சட்டையில் பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வியர்த்த வெறுங்கையால் ராடு மாற்றாதீர்கள். எரியாமல் சும்மா இருக்கும்போதும் ஹோல்டரில் 60, 70 வோல்ட் நிற்கும், ஈரத் தரையில் அது போதும்.

எவ்வளவு கெஞ்சினாலும் நான் செய்யாத வேலைகள் சில உண்டு. வியாசர்பாடியிலிருந்து ஒருவர் தின்னர் டிரம்மை இரண்டாக வெட்டித் தொட்டி ஆக்கித் தரச் சொன்னார். "காலி டிரம்தான் சார், மூணு மாசமா வெயில்ல கெடக்கு." காலி டிரம்தான் வெடிக்கும். உள்ளே தங்கிய ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். பெட்ரோல் டேங்க், டீசல் டிரம் எதுவானாலும் அதே பதில்தான். ஜி.ஐ. பைப் செய்வேன், ஆனால் இரண்டு பக்கமும் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்த வெளியில் நின்றுதான். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சாயங்காலம் குளிர்காய்ச்சல் தூக்கிப் போடும். பால் குடித்தால் சரியாகும் என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை. பால் வயிற்றுக்குப் போகும், புகை நுரையீரலுக்கல்லவா போனது. பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்த இரும்பையும் உடனே தொடாதீர்கள். குளோரின் கலந்த வகை என்றால் ஆர்க் பட்டு நச்சு வாயுவாகும்.

கொருக்குப்பேட்டைத் தம்பி மிஷினைத் திருப்பி அனுப்ப முடியவில்லை, நாள் கடந்துவிட்டது. டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி நாபை ஏற்றிப் பார்த்தோம். 250-இல் வைத்தால் 104 காட்டியது. மீட்டரில் 80 வந்த இடத்தில் நாப் 190-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. அங்கே வெள்ளை பெயின்டால் ஒரு புள்ளி வைத்தேன். அவன் கொண்டுவந்த கேட் பட்டையில் அப்பளம் மாதிரி நொறுங்கிய பகுதியை வெட்டி எறிந்து, கனமான இரும்பு வரும்வரை தேய்க்க வைத்து, 2.5 ராடைக் கையில் கொடுத்தேன். வடைச் சட்டி காய்ந்து வேகிற சத்தம் ஒரே சீராக வந்தால் சரி என்று மட்டும் சொன்னேன். முதல் ராடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது பைப்பில் ஓட்டை போட்டது. ஏழாவதோ எட்டாவதோ ராடில் சத்தம் வந்தது.