கம்பெனி மெயில் உங்களுடையது இல்லை

கம்பெனியின் ஐ.டி. பிரிவில் மெயில் கணக்குகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வேலையை விட்டுப் போனவர்கள் எனக்குப் போன் செய்தால் விஷயம் பெரும்பாலும் ஒன்றுதான். "சார், பத்து நிமிஷம் என் மெயிலைத் திறந்துவிடுங்க, ஒரு ஓ.டி.பி. எடுக்கணும்." போன வாரமும் ஒருவர். வருமான வரி போர்ட்டல், லிங்க்ட்இன், பிள்ளையின் பள்ளிக்கூட ஆப் என எல்லாமே கம்பெனி மெயிலில். கடைசி நாள் மாலையே கணக்கை முடக்கியாயிற்று. அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"என் பேர்ல இருக்கிற மெயில்தானே?" என்கிறார்கள். பேர் உங்களுடையது, @-க்குப் பின்னால் ஒட்டியிருக்கும் டொமைன் கம்பெனியுடையது. கம்பெனி மெயில் கூகுள் வொர்க்ஸ்பேஸில் இருந்தால் நீக்கிய கணக்கை 20 நாளுக்குள் மீட்கலாம், மைக்ரோசாப்ட் 365-இல் 30 நாள். மீட்பதா வேண்டாமா என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்யும், நீங்கள் அல்ல. பாஸ்வேர்டு உங்களுக்கு மட்டும் தெரியும் என்பதால் வேறு யாரும் பார்க்க முடியாது என்றும் நினைக்காதீர்கள். விசாரணை, வழக்கு என்று வந்தால் பழைய மெயில்களைத் தேடி எடுக்க வசதி இருக்கிறது. டாக்டர் ரிப்போர்ட், வீட்டுக்கடன் பேப்பர் எல்லாம் அதில்தான் கிடக்கும். (அடுத்த கம்பெனியின் ஆஃபர் லெட்டரை இந்தக் கம்பெனி மெயிலுக்கு வரவழைத்தவர்களும் உண்டு.)

இதைவிட மோசம், ஆபீஸ் கொடுத்த சி.யு.ஜி. சிம்மை (கம்பெனி பெயரில் மொத்தமாக வாங்கி ஊழியர்களுக்குத் தரும் சிம்) ஆதாரிலும் வங்கியிலும் பதிந்து வைப்பது. நீங்கள் திருப்பிக் கொடுத்த சிம் அடுத்து வருபவர் கைக்குப் போகும். உங்கள் ஓ.டி.பி.யும் அவருக்கே போகும்.

குரோமில் ஆபீஸ் கணக்குக்குள் இருந்துகொண்டு சொந்த பாஸ்வேர்டைச் சேமித்தால் அது ஆபீஸ் கணக்கில்தான் போய் உட்காரும். சொந்த வேலைக்குத் தனி ப்ரொஃபைல் போடுங்கள். இல்லையென்றால் சொந்தப் போனிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் மெயிலைச் சொந்த ஆண்ட்ராய்டு போனில் வைத்தே தீர வேண்டும் என்றால் வொர்க் ப்ரொஃபைல் கேளுங்கள், அதாவது போனுக்குள் ஆபீஸ் ஆப்களுக்கு மட்டும் ஒரு தனிப் பகுதி. ஆபீஸ் ஆப்களில் சின்னப் பெட்டிப் படம் தெரியும். நாங்கள் அந்தப் பகுதியை அழித்தாலும் உங்கள் போட்டோக்கள் அப்படியே இருக்கும்.

நோட்டீஸ் பீரியடில் இருக்கிறீர்களா? தயவுசெய்து இன்றைக்கே உட்கார்ந்து ஒவ்வொரு கணக்கிலும் மெயில் முகவரியையும் நம்பரையும் மாற்றிவிடுங்கள். முதலில் வங்கி, அப்புறம் மற்றவை. அதை விட்டுவிட்டு மொத்த மெயில்பெட்டியையும் சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். அது தகவல் திருட்டு என்று பதிவாகும், அந்த அலர்ட்டும் எனக்குத்தான் வரும்.