‘நான்-மேஜர்’ என்பதற்குத் தமிழ் என்ன?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பாடப் பட்டியலைப் புரட்டினால், கடலியல், நிலவியல், வானியல், இயற்பியல் என்று பல துறைகளிலும் ஓரிரு பாடங்களுக்குப் பக்கத்தில் ‘ஃபார் நான்-மேஜர்ஸ்’ என்று போட்டிருக்கும். அந்தத் துறையை முதன்மைப் பாடமாக எடுக்காத மாணவர்களுக்கானது என்று பொருள். அங்கே படிக்கப் போகும் நம் பிள்ளைகளும் இந்தச் சொல்லைச் சீக்கிரமே எதிர்கொள்கிறார்கள். இதைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள்: ‘நான் மேஜர்’. நடுவிலுள்ள சிறுகோடு விழுந்துவிட்டால் பொருளே தலைகீழாகிவிடுகிறது. மேஜர் அல்லாதவரைச் சொல்ல வந்த சொல், ‘நானே மேஜர்’ என்று சொல்லிக்கொண்டு நிற்கும். ஒலிபெயர்த்துச் சமாளித்துவிடலாம் என்ற வழி இங்கே அடைபட்டுப் போகிறது. தமிழ்ச்சொல் வேண்டும்.

முதலில் ‘மேஜர்’. லத்தீனில் ‘மேக்னஸ்’ என்றால் பெரியது. ‘மாயோர்’ என்றால் அதைவிடப் பெரியது. நகரத்து மேயரும் இதே வேரில் வந்தவர்தான். தமிழ்நாட்டில் இந்தச் சொல் பல வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது: 18 வயது நிரம்பியவர் மேஜர், ராணுவ அதிகாரி மேஜர். இதன் எதிர்ச்சொல்லான ‘மைனர்’ இன்னும் ஆழமாக ஊன்றிவிட்டது. சொத்துக்கு உரிய வயது வராத ஜமீன் வாரிசைக் குறித்தது, அப்புறம் ஊதாரியாகத் திரியும் பணக்காரப் பிள்ளைக்கு ஆகி, கழுத்தில் தொங்கும் மைனர் செயினில் வந்து நிற்கிறது.

கல்லூரிப் பொருள் அமெரிக்காவில் பிறந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் 1877–78ஆம் ஆண்டுப் பாடப் பட்டியலில்தான் ‘மேஜர்’, ‘மைனர்’ என்ற பிரிப்பு முதலில் வந்ததாகக் கல்வி வரலாற்றில் சொல்கிறார்கள். மேஜர் இரண்டு ஆண்டுப் படிப்பு, மைனர் ஓர் ஆண்டு. ஆக, பெரிது சிறிது என்றது பாடத்துக்குச் செலவிடும் காலத்தைத்தான், பாடத்தின் மதிப்பை இல்லை. ஹார்வர்டில் சார்லஸ் எலியட் தலைவராக இருந்த 40 ஆண்டுகளில் மாணவர் விரும்பியதைப் படிக்கலாம் என்ற முறை வேரூன்றியது. அவருக்குப் பின் வந்த லாரன்ஸ் லோவெல், 1910 வாக்கில் அதற்கு ஒரு வரம்பு கட்டினார்: ஒன்றில் ஆழமாகப் போ, மற்றவற்றிலும் கொஞ்சம் தொட்டுப் பார். இந்தத் ‘தொட்டுப் பார்’ என்ற விதியிலிருந்துதான் நான்-மேஜர் மாணவர் உருவாகிறார். வரலாறு படிக்கிறவரும் ஓர் அறிவியல் பாடமாவது, பெரும்பாலும் ஆய்வகத்தோடு சேர்த்து, முடித்தாக வேண்டும். அவருக்கென்று வகுத்த பாடம்தான் ‘நான்-மேஜர்’ பாடம்.

இந்தப் பாடங்களுக்கு அங்கே பட்டப்பெயரும் உண்டு. நிலவியலுக்கு ‘ராக்ஸ் ஃபார் ஜாக்ஸ்’: விளையாட்டு வீரர்களுக்கான பாறைப் பாடம். இயற்பியலுக்கு ‘பிசிக்ஸ் ஃபார் போயட்ஸ்’. இரண்டுமே ‘கணக்கு வராதவர்களுக்கு எளிதாக்கியது’ என்ற தொனியில் வருபவை. எனக்கு அந்தத் தொனி உடன்பாடில்லை. ஹார்வர்டின் தலைவராக இருந்த வேதியியலாளர் ஜேம்ஸ் கோனன்ட், அறிவியல் படிக்காத மாணவர்களுக்கு அறிவியலை அதன் வரலாற்றின் வழியே கற்பிக்க 1940களில் ஒரு பாடம் தொடங்கினார். உதவிக்கு அழைக்கப்பட்டவர் தாமஸ் கூன் என்ற இயற்பியல் ஆய்வு மாணவர். அந்த வகுப்புக்காக 1947இல் அரிஸ்டாட்டிலைப் படிக்கப் போனவர், அறிவியல் எப்படி மாறுகிறது என்ற கேள்வியில் சிக்கிக்கொண்டார். 1962இல் அவர் எழுதிய நூல்தான் ‘பாரடைம்’ (ஒரு காலத்து அறிவியலார் பொதுவாக ஏற்று நடக்கும் சிந்தனைச் சட்டகம்) என்ற சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியது. பிறருக்குக் கற்பிக்கப் போய்த்தான் அவருக்கு அது கிடைத்தது.

இப்படிப்பட்ட வகுப்பில் என்ன நடக்கும்? கடலியல் ஆசிரியர்கள் விரும்பிச் செய்யும் ஒரு சோதனையை நம் அடுக்களையிலேயே செய்து பார்க்கலாம். கேசரிப் பவுடர் கலந்த தண்ணீரை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வையுங்கள். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஒரே அளவு தண்ணீர் எடுத்து, ஒன்றில் மட்டும் லிட்டருக்கு 35 கிராம் என்ற கணக்கில் உப்பைக் கரையுங்கள். கடல்நீரின் உப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டிலும் ஒவ்வொரு ஐஸ் கட்டியைப் போடுங்கள். எது முதலில் உருகும்? உப்புத் தண்ணீரில் என்றுதான் பலரும் சொல்வார்கள். நல்ல தண்ணீரில்தான் முதலில் உருகும். காரணம் கண்ணுக்கே தெரியும். நல்ல தண்ணீரில் உருகிய குளிர்நீர் கனமானது. ஆரஞ்சு நிற இழைகளாக அடிக்கு இறங்கும், அந்த இடத்துக்கு வெதுவெதுப்பான நீர் மேலே வந்து கட்டியை உருக்கும். உப்புத் தண்ணீரிலோ உருகிய நீர் லேசானது, இறங்க முடியாது. கட்டியைச் சுற்றி மேலாகவே ஒரு பட்டை போலத் தேங்கி, அதைக் குளிரிலேயே வைத்திருக்கும். வடக்கு வங்கக் கடலில் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொண்டுவந்து சேர்க்கும் நன்னீர் மேலடுக்காகக் கிடப்பதும் இதே காரணத்தால்தான். சூத்திரம் ஒன்றுகூட எழுதவில்லை. ஆனால் அடர்த்தி என்றால் என்ன என்பது இனி மறக்காது.

இதோடு ஒட்டி வரும் இன்னொரு சொல் ‘பிசிக்கல் சயின்ஸ்’. ‘பிசிக்கல் எஜுகேஷன்’ உடற்கல்வி ஆனதால் இதையும் உடலோடு சேர்த்துவிடக் கூடாது. கிரேக்கத்தில் ‘ஃபூசிஸ்’ என்றால் இயற்கை. நம் ‘இயற்பியல்’ அதே பொருளில் எழுந்த அழகான சொல், ஆனால் அது பிசிக்ஸ் என்ற ஒரு துறைக்குப் போய்விட்டது. பிசிக்கல் சயின்ஸ் என்பதில் வேதியியல், வானியல், புவி அறிவியல் எல்லாமே அடங்கும். இலங்கையில் ‘பௌதிக விஞ்ஞானம்’ என்று எப்போதோ நிலைத்துவிட்டது. ‘பூதம்’ என்பதன் வழி வந்த சொல் பௌதிகம். ஐம்பூதம் என்கிறோமே, அந்தப் பூதம். புழக்கத்தில் உள்ள சொல் இருக்கும்போது புதிதாக ஒன்றை ஆக்க வேண்டியதில்லை, ‘பௌதிக அறிவியல்’ போதும்.

சரி, ‘நான்-மேஜர்’? மேஜருக்கு ‘முதன்மைப் பாடம்’ பொருந்தும். அதையே எதிர்மறையாக்கி ‘முதன்மையல்லாத மாணவர்’ என்றால், மாணவரே இரண்டாம் தரம் என்பது போல ஒலிக்கிறது. ‘துணைப்பாடம்’ என்றால் பள்ளித் தமிழில் கதை படிக்கும் நான்-டீடெயில் நினைவுக்கு வரும். கல்லூரியில் அது, முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் ‘அல்லைடு’ பாடம். நான் சொல்வது ‘பிறதுறை’. அவர் எதில் இல்லை என்பதைச் சொல்லாமல், வேறொரு துறையிலிருந்து வந்திருக்கிறார் என்று சொல்கிறது. துறை என்பது படித்துறையும் துறைமுகமும்கூட. பாடத்தின் பெயர் ‘பிறதுறை மாணவர்க்கான கடலியல்’. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் உள்ள என்.எம்.இ. (நான்-மேஜர் எலெக்டிவ்) பேப்பருக்கும் ‘பிறதுறை விருப்பப்பாடம்’ சரியாகப் பொருந்துகிறது.

பேச்சில் இப்படி வரும்: “எனக்கு முதன்மைப் பாடம் வரலாறு. இந்த செமஸ்டரில் பிறதுறைப் பாடமாகக் கடலியல் எடுத்திருக்கிறேன்.”