கடை விளக்கும் வேப்பமர நிழலும்

அண்ணன் மகனுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணுக்கு வைர மோதிரம்தான் போட வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றான். சரி என்று வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு நகைக்கடைக்குப் போனோம். தட்டில் இரண்டு மோதிரம் வைத்தார்கள். ஒன்றில் 40 சென்ட் எடையுள்ள கல், இன்னொன்றில் 30. கடை விளக்கில் இரண்டும் கண்ணைப் பறித்தன. கேட்டுக்கொண்டு இரண்டையும் வாசலுக்கு எடுத்து வந்தேன். துணைக்கு ஒரு ஊழியரும் வந்தார். வெளியே வேப்பமர நிழல். பெரிய கல்லின் நடுவில் இருட்டு விழுந்திருந்தது. சின்னது அங்கேயும் பளிச்சென்று இருந்தது.

"என்ன சித்தப்பா, காசு அதிகமான கல்லு மங்கிப்போச்சு?"

பட்டை தீட்டியவர் செய்த வேலை அது. வைரத்துக்குள் நுழைந்த ஒளி லேசில் வெளியேற முடியாது. உட்புறமிருந்து ஒரு பட்டையில் படும்போது, அந்தப் பட்டைக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 24.4 பாகைக்கு மேல் சாய்ந்து பட்டால் மொத்த ஒளியும் உள்ளேயே திரும்பிவிடும். பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்புதான். சாதாரணக் கண்ணாடிக்கு இந்த எல்லை சுமார் 42 பாகை. அதனால்தான் கண்ணாடிக்கல் ஒளியை ஒழுகவிடுகிறது.

வட்டக் கல்லின் அடிப்பாகம் கூம்பாக இருக்கும். மேலிருந்து வரும் ஒளி ஒரு சரிவில் மோதி, எதிர்ச் சரிவுக்குப் போய், மறுபடி மேலே நம் கண்ணுக்கு வர வேண்டும். அதற்கான சாய்வைக் கணக்குப் போட்டு 1919-இல் வெளியிட்டார், வைரம் தீட்டும் குடும்பத்தில் வந்த பொறியாளர் மார்செல் டோல்கோவ்ஸ்கி; அடிச்சரிவுக்கு அவர் சொன்ன அளவு 40.75 பாகை. அடி தட்டையானால் முதல் மோதலிலேயே ஒளி கீழே போய்விடும். ஆழம் கூடினால் இரண்டாவது மோதலில் நழுவும். நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள். ஒளி தங்காத வைரத்தையும் அந்த வரிசையில் சேர்க்கலாம்.

தெரிந்தும் ஏன் ஆழமாக விடுகிறார்கள்? விலை எடைக்குத்தானே. 100 சென்ட் ஒரு கேரட், அதாவது 200 மில்லிகிராம். நன்றாகத் தீட்டிய ஒரு கேரட் வட்டக்கல் சுமார் 6.5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். ஆழமான கல்லிலோ எடை அடியில் ஒளிந்துகொள்ளும். எங்கள் 40 சென்ட் கல், மேலிருந்து பார்த்தால் 30-ஐவிடப் பெரிதாகவே தெரியவில்லை! கடைக் கூரையில் வரிசையாகக் குட்டி விளக்குகள் இருப்பதால் எந்தக் கல்லும் அங்கே மின்னும். நிழலில் அந்த ஜாலம் நடக்காது.

அப்புறம் ஊழியர் பேனா மாதிரி ஒரு டெஸ்டரைக் கல்லில் வைத்து 'பீப்' அடிக்கவிட்டார். அதன் முனை சூடாக இருக்கும். வைரம் செம்பைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துவதால் முனை சட்டென்று குளிரும். அமெரிக்கன் டைமண்ட் இதில் மாட்டிக்கொள்ளும். வைரம் போலவே தெரியும் மாய்சனைட் என்ற வேறு கல்லும் சூட்டை நன்றாகக் கடத்துவதால் இந்தப் பேனாவை ஏமாற்றிவிடும். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தையோ இது பிரித்தே காட்டாது. அதுவும் கார்பன்தான், பூமிக்கடியில் கோடிக்கணக்கான வருடம் கிடக்காமல் சில வாரங்களில் வளர்ந்தது, அவ்வளவே. விலையில் மட்டும் பெரிய வித்தியாசம். ஆகவே சான்றிதழைக் கேளுங்கள். கல்லின் இடுப்பில், அதாவது சுற்று விளிம்பில், லேசரால் பொறித்த எண்ணைப் பூதக்கண்ணாடியில் காட்டச் சொல்லி, சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். எங்களுக்கு அதைக் காட்ட வைக்கவே அரைமணி நேரம் ஆனது.

30 சென்ட்டையே எடுத்தோம். கல்யாணமாகி நாலு மாதத்தில் "மோதிரம் டல்லாயிடுச்சு சித்தப்பா" என்று போன் வந்தது. தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். வைரத்தின் குணம் அது. சுரங்கங்களில் கிரீஸ் பூசிய பலகையில் வைரத்தைப் பிடித்ததே இதை வைத்துத்தான். தேங்காய் எண்ணெயும் தூசியும் கல்லின் அடியில் அப்பிக்கொண்டால், திரும்ப வேண்டிய ஒளி அந்தப் பிசுக்கில் சிதறிவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் கல்லின் அடிப்பக்கம் தேய்க்கச் சொன்னேன். அவன் மேலே மட்டும் தேய்த்துவிட்டு மறுபடி போன் செய்தான்.