சார்ஜர் எப்படிச் சுருங்கியது?

வீட்டில் டேப் ரிக்கார்டர் பாடிய காலத்தில் அதன் பக்கத்தில் ஓர் எலிமினேட்டரும் இருக்கும். பேட்டரிக்குப் பதிலாக வீட்டு மின்சாரத்திலேயே ரிக்கார்டரைப் பாட வைத்து, பேட்டரிச் செலவை மிச்சப்படுத்த வாங்கிய கறுப்புப் பெட்டி. கையில் எடுத்தால் செங்கல் போலக் கனக்கும். காதருகே வைத்தால் 'ம்ம்ம்' என்று முனகும். அரை மணி நேரத்தில் சூடாகிவிடும். இத்தனைக்கும் அது கொடுத்தது ஐந்தாறு வாட். இன்று என் பையில் கிடக்கும் சார்ஜர் அதைவிடச் சிறியது, ஆனால் 65 வாட் கொடுக்கிறது, மடிக்கணினிக்கே போதும். மேலே பொடி எழுத்தில் 'கேன்' என்று போட்டிருக்கிறது. தண்ணீர் கேன் இல்லை, காலியம் நைட்ரைடு என்ற பொருளின் சுருக்கம்.

அந்தப் பொருளில் செய்த சில்லு சின்னது, அதனால் சார்ஜரும் சின்னது என்று பலர் நினைக்கிறார்கள். பழைய சார்ஜரில் இருந்த சிலிக்கான் சில்லும் சில மில்லிமீட்டர்தான். சுருங்கியது வேறொன்று: டிரான்ஸ்பார்மர்.

தொட்டியை நிரப்ப வேண்டும். மணிக்குப் பத்து நடைதான் நடக்க முடியும் என்றால் பெரிய குடம் வேண்டும். ஆயிரம் நடை ஓட முடிந்தால் ஒரு டம்ளரே போதும். டிரான்ஸ்பார்மரும் இப்படித்தான். ஒரு பக்கத்துச் சுருளிலிருந்து மறுபக்கத்துக்குக் காந்தப்புலத்தின் வழியாக ஆற்றலைத் தவணை தவணையாகக் கடத்துகிறது. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அந்த வேகத்தில் ஒவ்வொரு தவணையும் பெரிது, அதைத் தாங்கும் இரும்பும் பெரிது. எலிமினேட்டரின் கனம் அந்த இரும்பின் கனம்.

அதனால்தான் செல்போன் சார்ஜர்கள் பல ஆண்டுகளாகவே ஒரு தந்திரம் செய்கின்றன. 230 வோல்ட் மாறுமின்சாரத்தை முதலில் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாக்கிவிடும். பிறகு அதை டிரான்சிஸ்டர் என்ற மின்னணு சுவிட்சால் விநாடிக்கு லட்சம் தடவை போல வெட்டி வெட்டி, விரல்நுனி அளவு ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பொருள்) டிரான்ஸ்பார்மருக்குள் அனுப்பும். 50 எங்கே, ஒரு லட்சம் எங்கே!

சரி, லட்சத்தோடு ஏன் நிற்க வேண்டும்? பத்து லட்சம் தடவை வெட்டினால் இன்னும் சுருங்குமே? இங்கேதான் சிலிக்கான் மூச்சு வாங்குகிறது.

சுவிட்ச் முழுதாக மூடியிருந்தால், அதாவது 'ஆன்' ஆக இருந்தால், அதன் குறுக்கே மின்னழுத்தம் ஏறக்குறைய இல்லை. முழுதாகத் திறந்திருந்தால், அதாவது 'ஆஃப்' என்றால், மின்னோட்டம் இல்லை. இரண்டையும் பெருக்கினால்தான் வெப்பம், எனவே இரண்டு நிலையிலும் அதிக நஷ்டமில்லை. திறப்பதற்கும் மூடுவதற்கும் நடுவே ஒரு நொடித்துணுக்கு இருக்கிறதே, அதில் மட்டும் இரண்டும் சேர்ந்து இருக்கும், சுவிட்ச் சூடாகும். ஒருமுறை என்றால் பொருட்டே இல்லை. பத்து லட்சத்தால் பெருக்கினால் தொட முடியாது.

அப்படியானால் வேகமாகத் திறந்து மூடும் சுவிட்ச் வேண்டும். ஆனால் இது 600 வோல்ட்டையும் தாங்க வேண்டும். சிலிக்கானில் அவ்வளவு மின்னழுத்தம் தாங்கத் தடிமனான அடுக்கு தேவை. தடிமன் கூடினால் மின்தடை கூடும். தடையைக் குறைக்கப் பரப்பைப் பெரிதாக்கினால், அதை இயக்க ஒவ்வொரு முறையும் நிறைய மின்னூட்டத்தை ஏற்றி இறக்க வேண்டும், வேகம் போச்சு. பொறியாளர்கள் ஏதேதோ வித்தை செய்து இதைப் பல ஆண்டுகள் இழுத்தார்கள். ஆனால் கணக்கு பொருளின் இயல்பிலேயே இருக்கிறது.

ஒரு பொருளுக்குள் கட்டுண்டிருக்கும் எலக்ட்ரானை விடுவிக்கச் சிலிக்கானில் 1.1 எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகு) போதும். காலியம் நைட்ரைடில் 3.4 வேண்டும். மின்புலம் அதிகமானால் ஓடும் எலக்ட்ரான் இன்னொன்றை மோதி விடுவிக்கும், அது மற்றொன்றை. கடைசியில் சுவிட்சே உடைந்துபோகும். விடுவிப்பது கடினமாக இருக்கும் பொருளில் இந்தச் சரிவு எளிதில் தொடங்காது. சிலிக்கானைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு மின்புலத்தை இது தாங்கும். ஆகவே சுவிட்சுக்குள் மின்சாரம் கடக்கும் தூரம் பத்தில் ஒரு பங்கே போதும். தடையும் குறையும், சுவிட்சும் வேகமாகத் திறந்து மூடும்.

இன்னொரு வசதியும் உண்டு. காலியம் நைட்ரைடின் மேல் அலுமினியம் கலந்த அதே பொருளை மிக மெல்லிய அடுக்காக வளர்த்தால், இரண்டும் சேரும் இடத்தில் எலக்ட்ரான்கள் தாமாகவே வந்து ஒரு தாள் போலப் படிகின்றன. வேற்று அணுக்களைக் கலந்து அவற்றை வரவழைக்க வேண்டியதில்லை. தடுக்கி விழ வைக்கும் கலப்பு அணு அங்கே இல்லாததால் அதிகத் தடையின்றி ஓடுகின்றன.

ஆனால் இந்த வசதியே ஒரு வம்பு. எலக்ட்ரான்கள் எப்போதும் இருப்பதால், யாரும் எதுவும் சொல்லாமலே சுவிட்ச் 'ஆன்' ஆகவே கிடக்கும். 325 வோல்ட் பாயும் இடத்தில் இப்படி ஒன்றை யார் வைப்பார்? ஒரு தீர்வு, சுவிட்சின் வாயிலில், அதாவது கட்டளை வாங்கும் இடத்தில், மக்னீசியம் கலந்த காலியம் நைட்ரைடை வைப்பது. அது அடியிலிருக்கும் எலக்ட்ரான்களை விரட்டிவிடும். நாமாகக் கட்டளை கொடுத்தால்தான் திரும்ப வரும்.

இந்த மக்னீசியம் சமாச்சாரம் ஒரு காலத்தில் தீராத தலைவலி. நீல நிற எல்.இ.டி. செய்ய முயன்ற ஜப்பானின் இசாமு அகாசாகியும் ஹிரோஷி அமானோவும் 1989-இல்தான் அதை வேலை செய்ய வைத்தார்கள். ஷுஜி நாகாமுரா பிறகு எளிய வழி கண்டார். மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு. வெளிச்சத்துக்காகத் தேடிய வித்தை சார்ஜருக்குள்ளும் வந்து உட்கார்ந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

வெப்பம் குறைவது சாதாரண லாபமல்ல. 65 வாட் கொடுக்கும் சார்ஜர் 90 விழுக்காடு திறனுடையது என்றால் ஏழு வாட் வெப்பமாக வீணாகும். 94 விழுக்காடு என்றால் நாலு வாட். பெட்டி சின்னதாக ஆக, வெப்பம் வெளியேறும் பரப்பும் சுருங்கும். இந்த மூன்று வாட்டை மிச்சம் பிடிக்காமல் பெட்டியைச் சுருக்கியிருந்தால் அது கையால் தொட முடியாதபடி சூடாகியிருக்கும்.

எல்லாமே சுருங்கிவிட்டதா என்றால், இல்லை. சார்ஜரைத் திறந்து பார்த்தால் உருளையாக ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். மெக்கானிக்குகள் 'கண்டென்சர்' என்று சொல்லும் கெப்பாசிட்டர். பழைய சார்ஜர் பழுதானால் அவர்கள் முதலில் பார்ப்பது அதன் தலை உப்பியிருக்கிறதா என்றுதான். வீட்டு மின்சாரம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை பூஜ்யத்தைத் தொடுகிறது, விநாடிக்கு 100 முறை. அந்த இடைவெளியில் சார்ஜர் பட்டினி கிடக்காமல் இருக்க ஆற்றலைச் சேர்த்துவைப்பது அதன் வேலை. நீங்கள் உள்ளே பத்து லட்சம் தடவை வெட்டினாலும் வெளியிலிருந்து வரும் மின்சாரம் அதே 50 சுற்றுதான். கெப்பாசிட்டர் சேர்த்துவைக்க வேண்டிய அளவு குறையாது. எலிமினேட்டர் முனகியதும் விநாடிக்கு அதே 100 முறைதான்.